மாத்திரையை மறைப்பானேன்?

நமது நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் கலியாணப் பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டவுடன் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாரேயானால், அதைப் பற்றி யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. பக்கத்து இலைக்காரர் "எனக்கும் பத்து வருஷமாய் உண்டு" என்று தம்முடைய சர்க்கரையின் பெருமையையும் கூடவே சொல்லிக் கொள்ளுவார். இரத்தக் கொதிப்புக்காரர் விஷயமும் இப்படியே. ஆனால் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் அதே பந்தியில் என்ன செய்கிறார் என்று பார்ப்போமானால், அவர் கை கழுவப் போகிற பாவனையில் கொல்லைப் பக்கம் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு விழுங்கிவிட்டு வருகிறார். அல்லது அன்றைக்கு ஒரு நாள் வேண்டாமென்று விட்டுவிடுகிறார். அந்த ஒரு நாள் இரண்டு நாளாகி, இரண்டு நாள் ஒரு மாதமாகி, பிறகு ஒரு ராத்திரி அவர் தூங்காமல் எழுந்து உட்கார்ந்து, ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் கடிதம் எழுத ஆரம்பித்துவிடுகிறார். வீட்டார் அப்போது தலையில் அடித்துக் கொண்டு என்ன பிரயோஜனம் என்று கேட்கின்றோம்.

நோய் இன்னதென்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். இருமுனை மனநோய் என்பது இக்காலத்து வைத்தியர்கள் இதற்கு இட்டிருக்கும் பெயர். இதில் ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று. ஏற்றத்தில் மனிதன் ராத்திரி இரண்டு மணி, மூன்று மணி நேரந்தான் தூங்குவான்; ஆனால் களைப்பு என்பதே இராது. பேச்சு வெள்ளமாய் வரும். ஒரு யோசனை முடிவதற்குள் ஒன்பது யோசனை முளைக்கும். கடன் வாங்கிக் கடை வைப்பான். கேட்ட காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவான். தடுத்தவர்மேல் எரிந்து விழுவான். தன்னை ஓர் அவதார புருஷன் என்றும் சொல்லிக் கொள்ளுவான். இறக்கத்திலோ, அதே மனிதனுக்குப் பாயை விட்டு எழுந்து பல் தேய்ப்பதே மலையைப் புரட்டுகிற காரியமாகிவிடும். சாப்பாடு மண்ணாயிருக்கும். செய்யாத குற்றத்திற்கெல்லாம் தானே பொறுப்பென்று தோன்றும். உயிரோடு இருந்து யாருக்கு என்ன லாபம் என்கிற எண்ணமும் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாதக் கணக்கிலும் வருஷக் கணக்கிலும் அவன் உழுவான், கணக்கு எழுதுவான், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு போய் விடுவான். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. காலையில் கோபமும் மாலையில் சிரிப்புமாயிருக்கிற மாமனாரைப் பற்றி "அவருக்கு இருமுனை" என்று கைப்பேசியில் எழுதி விளையாடுகிறவர்கள் இந்த நோயின் வாசலைக்கூடப் பார்த்தவர்கள் அல்லர்.

ஏற்றமும் இறக்கமும் இரண்டு நோய்கள் அல்ல, ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பதை 1854-ல் பாரிஸ் நகரத்து வைத்தியர்களான ஃபால்ரே, பையார்ஜே என்ற இருவர் தனித்தனியே எடுத்துச் சொன்னார்கள். யார் முதலில் சொன்னது என்பதற்காக இருவரும் சண்டையும் போட்டுக் கொண்டார்கள். உலகத்தில் இந்நோயுள்ளவர்கள் 2019-ஆம் வருஷத்தில் 4 கோடிப் பேர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. இந்தியாவில் 2015-16-ல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், இந்நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேர் வைத்தியமே இல்லாமல் இருக்கிறார்கள் என்று வெளிப்பட்டது. அந்த 70 பேரும் சும்மா இருக்கிறார்களா என்றால் இல்லை. அவர்களில் எத்தனையோ பேர் மந்திரவாதியிடமும், குறிகாரனிடமும், தாயத்துக் கட்டுகிறவனிடமும் பணம் கொடுத்துக் கொண்டுதான் இருக்கிறார்கள்.

நமது ஜனங்கள் இந்த ஒரு நோய்க்கு இரண்டு சமாதானங்கள் வைத்திருக்கிறார்கள். ஏற்றம் வந்து ஒருவன் தூங்காமல், சாப்பிடாமல், கண் சிவந்து, "நான்தான் அவன்" என்று பேசினால் சாமி வந்திருக்கிறது என்று சொல்லிக் காலில் விழுவது. அவனே மறுமாதம் மூலையில் முடங்கிக் கிடந்தால் சனி பிடித்திருக்கிறது, பங்காளி செய்வினை வைத்துவிட்டான் என்று சொல்லி வேப்பிலையால் அடிப்பது. ஏறும்போது கும்பிடும் உதையும், இறங்கும்போது உதையும் பரிகாரமும் கிடைக்கிறதேயொழிய, இரண்டு சமயத்திலும் அவனுக்கு வைத்தியம் மாத்திரம் கிடைப்பதில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கின்றது. வாசகர்கள் இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இந்த நோயின் ஒவ்வொரு சுற்றும், வைத்தியம் செய்தாலும் செய்யாவிட்டாலும், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ பெரும்பாலும் தானே அடங்கக் கூடியது. வெள்ளம் வடிவதைப் போல அது வடியும். வடிகிற சமயத்தில் எவன் பக்கத்தில் நின்றானோ அவனுக்குக் கியாதி. மூன்றாம் மாதம் எந்தக் கோவிலில் கொண்டு போய்ப் படுக்க வைத்தார்களோ, எந்தத் தர்காவில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் உட்கார வைத்தார்களோ, எந்த ஜெபக் கூட்டத்தில் தலைமேல் கை வைத்தார்களோ, அந்த இடத்தின் சக்தியால் தெளிந்தது என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மறுவருஷம் நோய் திரும்பி வரும். வருவது அதனுடைய குணம். அப்போது தாயத்துக்காரன் தாயத்துப் பலிக்கவில்லை என்று சொல்லுவானா? "நேர்ந்ததைச் செலுத்தாமல் விட்டீர்கள்" என்பான். தெளிந்தால் பெருமை அவனுக்கு, திரும்பினால் குற்றம் நோயாளிக்கு என்கிற இந்த வியாபாரத்தில் நஷ்டம் என்பது அவனுக்கு ஒரு காலத்தும் கிடையவே கிடையாது. டாக்டரோ முதல் நாளே "இது திரும்பி வரக்கூடியது, ஆகவே தெளிந்த பிறகும் மாத்திரை சாப்பிட வேண்டும்" என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறார். உண்மையைச் சொன்னவர்மேல் நம்பிக்கை குறைகிறது. ஏமாற்றினவன்மேல் அது வளருகிறது. என்ன விந்தை பாருங்கள்!

இந்த நம்பிக்கையின் விலையை நம் தமிழ்நாடு ஒரு தடவை கண்ணாரக் கண்டது. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டு வரப்பட்ட மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள்; கட்டுண்டவர்கள் எங்கே ஓடுவது? மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்போது தெளிவாகச் சொல்லுகிறது. சங்கிலி போட்டவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பெற்ற தகப்பனே பணம் கட்டி விட்டுப் போனவர்கள் அங்கே இருந்தார்கள். வேறு வழி அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நிற்க, பக்தர்களை மாத்திரம் சொல்லிவிட்டு நம்மவர்களை விட்டுவிடுவது யோக்கியமாகாது. சாமியில்லை, பேயில்லை என்று மேடையில் பேசுகிற தோழர்களிலேயே சிலர், மனநோய் என்றவுடன் "எல்லாம் மனசைப் பொறுத்தது, திடசித்தம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று உபதேசம் செய்கிறார்கள். இது பேயை வெளியே துரத்திவிட்டு, அதே பேயைத் திடசித்தம் என்ற வேறு பெயரால் உள்ளே அழைத்துக் கொள்ளுவதேயாகும். மூளை என்பதும் ஈரலையும் சிறுநீரகத்தையும் போல உடம்பின் ஓர் உறுப்பே. சிறுநீரகம் கெட்டவனிடம் போய்த் திடசித்தத்தால் சிறுநீரைச் சுத்தி செய் என்று எவராவது சொல்லுவார்களா? இந்நோய் குடும்ப வழியாகவும் வரும். அதனால் தலைவிதி என்றும் ஆகிவிடாது. ஏனெனில் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைப் பிள்ளைகளிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவது சாதாரணம். உடம்பின் வாகும் வாழ்க்கையின் நடப்பும் சேர்ந்து வருவதை, நடப்பை ஒழுங்கு செய்வதாலும் மருந்தாலும் அடக்க முடியும்.

அந்த மருந்தின் கதையில் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கத்தில் ஜான் கேட் என்ற டாக்டர் ஒருவர் இருந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் மூன்றரை வருஷம் கைதியாய் இருந்து மீண்டவர். பெரிய ஆராய்ச்சிச் சாலை அவருக்குக் கிடையாது; ஆஸ்பத்திரியின் பழைய சமையலறை ஒன்றில்தான் சோதனை செய்தார். லித்தியம் என்ற, பூமியிலிருந்து எடுக்கும் ஒரு சாதாரண உப்பை, ஏற்றத்திலிருந்த 10 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949-ல் பலனை வெளியிட்டார். அவர்களில் முதலாமவர் 51 வயதுக்காரர். ஐந்து வருஷமாய் ஓயாத ஏற்றத்திலிருந்து, திருந்த மாட்டார் என்று கைவிடப்பட்டவர். அவர் சில மாதங்களில் தெளிந்து, வீட்டிற்குப் போய், பழைய வேலையிலும் சேர்ந்துவிட்டார். சேர்ந்தவர் என்ன செய்தார்? சுகமாய்விட்டதே என்று மருந்தை விட்டுவிட்டார். ஆறு மாதத்திற்குள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். நம் ஊர்க் கலியாணப் பந்தியில் நடப்பது கேட் லித்தியம் கொடுத்த முதல் நோயாளியிடத்திலேயே நடந்திருக்கிறது.

அதே மனிதர் 1950-ல் லித்தியம் உடம்பில் அளவு மீறி விஷமாகி இறந்து போனார் என்பதையும் நாம் மறைக்கப் போவதில்லை. இரத்தத்தில் அளவு பார்த்துக் கொடுக்கும் முறை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. இரத்தநீரில் லிட்டருக்கு 0.6 முதல் 1 மில்லிமோல் வரை இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் விஷம். ஆகையால்தான் குறிப்பிட்ட காலத்திற்கு ஒரு தரம் இரத்தம் கொடுத்து லித்தியத்தின் அளவையும், கூடவே சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்த்துக் கொள்ளச் சொல்லுகிறார்கள். மற்றொன்று: வெறும் உப்பானதால் இதற்குத் தனியுரிமை வாங்கி லாபமடிக்க எந்தக் கம்பெனிக்கும் வழியில்லை. அமெரிக்காவில் உப்புக்குப் பதிலாக இதை அளவில்லாமல் சாப்பிட்டுச் சிலர் இறந்ததும் பயத்தை உண்டாக்கியிருந்தது. அந்நாட்டுச் சர்க்கார் இதை மருந்தாக ஒப்புக்கொள்ள 1970 வரை ஆயிற்று. லாபமில்லாத மருந்துக்குத் தரகர் இல்லை!

இனி அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். இந்நோயுள்ளவருக்கு முதல் மருந்து தூக்கம். தூக்கம் கெடுவது ஏற்றத்தின் அறிகுறியும் ஆகும், ஏற்றத்தை இழுத்துக் கொண்டு வரும் காரணமும் ஆகும். ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுந்து, சாப்பாட்டையும் வேலையையும் கடிகாரத்தோடு கட்டி வைப்பது என்பதைச் சிகிச்சை முறையாகவே வைத்திருக்கிறார்கள். நம்முடைய பண்டிகைகளையும் சடங்குகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். சிவராத்திரிக்குக் கண் விழிப்பு. வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிப்பு. திருவிழாவென்றால் விடிய விடியக் கூத்து. முகூர்த்தம் விடியற்காலை மூன்று மணிக்கென்று சோதிடன் குறித்தால் கலியாண வீடு முழுவதும் இரண்டு ராத்திரி தூங்காது. மற்றவனுக்கு மறுநாள் கொட்டாவியோடு போகிற விஷயம் இவருக்கு இரண்டு மாத ஆஸ்பத்திரியாக முடியலாம். "நான் பத்து மணிக்குப் படுத்துவிடுவேன், யாரும் கோபித்துக் கொள்ள வேண்டாம்" என்று சொல்லுகிற தைரியமும், அதைக் கேட்டுச் சரியென்று சொல்லுகிற உறவும் இவருக்கு வேண்டும். ராத்திரி ஷிப்டு வேலைக்காரர் பகல் ஷிப்டு கேட்கும்போது முதலாளிகள் அதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணாதிருக்க வேண்டும்.

இதைவிட அபாயமானது விரதம். லித்தியம் சாப்பிடுகிறவர் உப்பில்லா விரதமும், தண்ணீர் இறங்காப் பட்டினியும் இருப்பது விளையாட்டுக் காரியமல்ல. சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோற்றுப்பும் ஏறக்குறைய ஒன்று போலவே. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் அது உப்பைப் பிடித்து வைப்பதாக நினைத்து லித்தியத்தையும் பிடித்து வைத்துக் கொள்ளுகிறது, அளவு ஏறிவிடுகிறது. சித்திரை வைகாசி வெயிலில் வேர்த்து ஊற்றும்போதும், வயிற்றுப்போக்கு கண்டபோதும் இதே அபாயந்தான். மூட்டுவலிக்கென்று மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்குகிற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளும் இதையே செய்யும். கை நடுக்கம் அதிகமாகி, வாந்தியும் பேதியும் கண்டு, நடை தள்ளாடி, நாக்குக் குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தச் சமயத்தில் விரதத்தில் குறை வந்ததால் சாமி குத்தம் என்று விபூதி போட்டுக் கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். விரதம் இருந்தே தீருவேன் என்கிற பக்தரிடம் நாம் கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்திற்கு இப்போது வரவில்லை. டாக்டரைக் கேட்காமல் இருக்க வேண்டாம் என்று மாத்திரம் கேட்டுக் கொள்ளுகிறோம்.

பண விஷயம் வெட்கத்தினால் யாரும் பேசாதது. ஆனால் குடும்பங்கள் மூழ்குவது இதில்தான். ஏற்றத்தில் ஒரு வாரத்தில் செலவழித்ததை இறக்கத்தில் பத்து வருஷம் அடைக்கிறவர்கள் உண்டு. தெளிவாயிருக்கும்போதே மனைவியோடோ, தம்பியோடோ, நம்பின சிநேகிதரோடோ உட்கார்ந்து, "இன்ன அறிகுறி கண்டால் ஏ.டி.எம். அட்டையையும் பத்திரங்களையும் உன்னிடம் கொடுத்துவிடுவேன், இத்தனை ரூபாய்க்கு மேல் உன்னைக் கேட்காமல் செலவு செய்ய மாட்டேன்" என்று ஓர் ஏற்பாடு எழுதி வைத்துக் கொள்ளலாம். தினம் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று ஒரு நோட்டில் ஒரே வரி எழுதி வந்தால், மற்றவர்கள் காணுமுன் அந்த நோட்டு சொல்லிவிடும். சாராயம் இந்த இரண்டு முனைக்கும் விறகு. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

தெளிந்தவர் மருந்தை விடுவதற்கு வெட்கம் ஒன்றே காரணமுமல்ல. ஏற்றத்தின் ஆரம்பம் இனிமையாயிருக்கும் என்பதை அனுபவித்தவர்கள் சொல்லுகிறார்கள். அமெரிக்காவில் மனநோய் வைத்தியத் துறையிலேயே பேராசிரியையான கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் என்ற அம்மையார் தமக்கே இந்நோய் இருப்பதையும், அந்த ஏற்றத்தை இழக்க மனமில்லாமல் லித்தியத்தைப் பல தடவை விட்டுவிட்டுப் பட்ட பாட்டையும் 1995-ல் புஸ்தகமாக வெளியிட்டார். அவ்வளவு படித்தவர்களுக்கே அப்படியானால், கைநடுக்கமும் உடம்பு பெருப்பதும் கண்டு பயந்து நிறுத்துகிற நம் கிராமத்து மனிதரைத் திட்டிப் பயனில்லை. தொந்தரவை டாக்டரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக் கொள்ளலாம். திடீரென்று தாமே நிறுத்துவதுதான் கூடாது. நோயாளி வாயைத் திறந்து சொல்லுகிற அளவுக்கு டாக்டரும் இரண்டு நிமிஷம் அதிகம் காது கொடுக்க வேண்டுமல்லவா?

பெண்கள் சங்கதி தனி. "கலியாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கலியாணம் ஆகும்" என்று ஒரு பழமொழியைப் பரிகாசமாய்ச் சொன்ன நாட்டில், அதை வேதவாக்காய்ப் பிடித்துக் கொண்டு, நோயுள்ள பெண்ணைச் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். புருஷன் வீட்டில் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிட வேண்டும். ஒளிக்க முடியாத நாளில் நிறுத்த வேண்டும். இந்நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் வால்ப்ரோயேட் என்பது கருவிலிருக்கும் பிள்ளைக்குக் கெடுதி செய்யக்கூடியது. பிள்ளை பெறுகிற வயதுடைய பெண் அதைப் பற்றி டாக்டரோடு முன்னாடியே பேச வேண்டும். எப்படிப் பேசுவாள்? பிரசவமான அடுத்த சில வாரங்கள்தான் இவளுக்கு மிகுந்த அபாய காலம். அந்தச் சமயத்தில் அவள் தூங்காமல் புலம்பினால் பச்சை உடம்பில் பேய் ஏறிவிட்டது என்பார்கள். பிறகு தாய் வீட்டுக்குத் துரத்துவார்கள். அதே நோய் ஆணுக்கிருந்தால் "பெண்டாட்டி பார்த்துக் கொள்ளுவாள்" என்று சொல்லி இன்னொரு வீட்டுப் பெண்ணைச் சம்பளமில்லாத தாதியாய்க் கொண்டு வருவார்கள். பெண்ணானாலும் பிள்ளையானாலும் கலியாணத்திற்கு முன் உள்ளதைச் சொல்லி, தெரிந்து சம்மதிக்கிறவரோடு மாத்திரம் செய்வதே கலியாணம். மற்றது மோசடி வியாபாரம் என்றே சொல்லுவோம். சொன்னால் வரன் அமையாது என்கிறார்கள். ஜாதகத்தில் செவ்வாய் எங்கே இருக்கிறான் என்று கேட்கத் தெரிந்தவர்கள் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குவார் என்று கேட்கக் கற்றுக் கொள்ளுகிற வரையில் சில வரன்கள் தட்டிப் போகத்தான் செய்யும், போகட்டும்.

மேலே சொன்ன 2017-ஆம் வருஷத்துச் சட்டத்தில், நம்மவர்கள் பெரும்பாலும் அறியாத ஓர் உரிமை இருக்கின்றது. வயது வந்த எவரும், தாம் தெளிவாயிருக்கும்போதே, பின்னால் நோய் முற்றித் தம்மால் முடிவு செய்ய முடியாத காலத்தில் தமக்கு எந்த வைத்தியம் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, தமக்காக முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்பதை எழுதி வைக்கலாம். உயிருக்கு அபாயமான அவசர வைத்தியத்தை அது தடுக்காது. தகப்பன், அண்ணன், புருஷன் என்ற முறையினாலேயே ஒருவர் மற்றவரை ஆட்டிப் படைப்பதற்குப் பதிலாக, நோயாளி தாமே ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் நமக்குச் சந்தோஷம். ஆனால் மாத்திரையையே மறைத்துச் சாப்பிடுகிறவர் இந்தக் காகிதத்தை யாரைச் சாட்சி வைத்து எழுதுவார்?

உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தவரும், அவர் வீட்டாரும், ராத்திரி பகல் எந்த நேரத்திலும் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். இந்தியச் சர்க்கார் 2022 அக்டோபரில் ஆரம்பித்த தொலைபேசி உதவி இது. தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது. ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிகளில் மனநோய்க்கு டாக்டரும் மருந்தும் இனாமாய்க் கிடைக்க வேண்டியது. கிடைக்க வேண்டியது என்று சொன்னோம். எப்போதும் கிடைக்கிறது என்று சொல்லவில்லை. அன்றாடக் கூலிக்காரர் ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் கொடுத்து, வரிசையில் நின்று சன்னலுக்கு வந்த பிறகு "இருப்பு இல்லை, அடுத்த வாரம் வா" என்கிற பதில் வருமானால், அந்த ஒரு வாரத்தில் அவர் தூக்கம் போய்விடக் கூடும். ஆதலால் அங்கே "எந்தத் தேதியில் வரும், அதுவரை எங்கே வாங்குவது?" என்று சத்தமாகவே கேட்க வேண்டும், அவருக்கு வரிசையில் பின்னால் நிற்கிறவர்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.